கருப்பட்டியும் கேக்கும்: தென் தமிழகக் கிறித்தவ இல்லங்களின் கிறிஸ்துமஸ் பலகார மரபு

ஆய்வுச் சுருக்கம்

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கிறித்தவ இல்லங்களில் கிறிஸ்துமஸை ஒட்டிச் செய்யப்படும் பலகாரங்களை மேலை நாட்டு இறக்குமதி என்றோ, தீபாவளிப் பலகாரத்தின் மறுபெயர் என்றோ கொள்ளும் வழக்கம் உண்டு. இவ்விரு கருத்துகளும் போதா என்பதை இக்கட்டுரை பனைத்தொழிலின் பருவம், பண்டங்களின் செய்முறை, சொல்வழக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சபைகளுக்குள் எழுந்த உடனுண்ணல் சிக்கல் ஆகியவற்றைக் கொண்டு ஆராய்கிறது. எண்ணெயில் பொரித்த உலர் பலகாரம் மதங்களுக்கிடையே பாலமாக அமைந்ததும், அதே பலகாரம் சாதிக்கு மறைவிடமாக அமைந்ததும் இங்கு முதன்மையாகக் கவனிக்கப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: கிறிஸ்துமஸ், பலகாரம், கருப்பட்டி, முந்திரிக்கொத்து, அசனம், உடனுண்ணல், கேக்

முன்னுரை

தமிழகக் கிறித்தவத்தின் வரலாறு பெரும்பாலும் ஆலயம், பள்ளி, அச்சுக்கூடம் ஆகிய மூன்று இடங்களை மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் திருமுழுக்குப் பெற்றது, 1542இல் பிரான்சிஸ் சேவியர் அக்கடற்கரைக்கு வந்தது, 1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியது, 1799இல் முதலூர் என்னும் கிறித்தவக் குடியிருப்பு உருவானது, 1820இல் இரேனியுஸ் பாளையங்கோட்டையில் பணியேற்றது என இவ்வரலாற்றின் மைல்கற்கள் நன்கு அறியப்பட்டவை. ஆனால் மதம் மாறிய ஒரு குடும்பம் டிசம்பர் 24ஆம் நாள் இரவு அடுப்பில் எதை ஏற்றியது என்னும் வினா அம்மைல்கற்களுக்கிடையே எழுப்பப்படுவதில்லை. மிஷன் அறிக்கைகளை எழுதியோர் ஆண்கள். அவர்கள் ஞானஸ்நானம் பெற்றோரின் எண்ணிக்கையைக் குறித்தனர். அடுப்படிக்குள் நுழைந்து பார்க்கும் வாய்ப்பும் அவர்களுக்குக் குறைவு. ஆகவே பண்டமே இங்குச் சான்றாகிறது. அது எப்பொருளால் ஆனது, அப்பொருள் எந்தப் பருவத்தில் கிடைத்தது, எவ்வளவு நாள் கெடாமல் நின்றது, யார் கைக்கு யார் கையிலிருந்து சென்றது என்பவற்றை வினவினால், அறிக்கைகள் கூறாத சிலவற்றைப் பண்டம் கூறும்.

பனையும் மார்கழியும்

தென் மாவட்டங்களின் பழைய கிறிஸ்துமஸ் பலகாரங்களுக்கு அடிப்படை இனிப்பு கருப்பட்டியாகும். சீனி பின்னர் வந்தது. சாயர்புரம், நாசரேத், மெஞ்ஞானபுரம், இடையன்குடி, முதலூர் எனச் சீர்திருத்தத் திருச்சபைகள் வேரூன்றிய ஊர்களுள் பல தேரிமணலும் பனங்காடும் சூழ்ந்தவை. இடையன்குடியில் 1841 முதல் பணியாற்றிய கால்டுவெல், பனையேறும் சமூகத்தைப் பற்றி 1849இல் நூலொன்று வெளியிட்டார். அச்சமூகத்தைத் தாழ்வாகச் சித்திரித்தமைக்காகப் பின்னாளில் அச்சமூகத்தாரின் கடும் எதிர்ப்பை அந்நூல் சந்தித்தது, அவ்வெதிர்ப்பு நியாயமானதே. எனினும் பனையைச் சுற்றி ஒரு வாழ்க்கை முழுவதும் எவ்வாறு சுழன்றது என்பதை அறிய அக்காலப் பதிவுகளுள் அதனைத் தவிர்க்க இயலாது.

பதனீர் இறக்கும் பருவம் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி, ஆவணியளவில் முடிகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கப்படும் பதனீரை, விடிலி எனப்படும் ஓலைக்கொட்டகையில் பெண்கள் காய்ச்சுவர். பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்ற, அது கருப்பட்டியாக உறையும். ஆண்கள் நாளுக்கு முப்பது, நாற்பது மரங்கள் ஏறி இறங்க, பெண்கள் அடுப்பின் புகையில் நாள் முழுவதும் நிற்பர். இவ்வாறு கோடையில் விளைந்த இனிப்பு, கிறிஸ்துமஸ் வரும் மார்கழியில் பயன்பட வேண்டுமாயின் நான்கைந்து மாதங்கள் காக்கப்பட வேண்டும். இடையே ஐப்பசி, கார்த்திகை அடைமழை. கருப்பட்டி காற்றின் ஈரத்தை எளிதில் உறிஞ்சிக் கசியும் இயல்புடையது. எனவே அதனை ஓலைப்பெட்டியிலிட்டு அடுப்பிற்கு மேலுள்ள பரணில் புகை படும்படி வைத்துக் காத்தனர்.

இங்கு ஒரு பொருளாதார உண்மை மறைந்துள்ளது. பனைத்தொழிலாளி வணிகரிடம் முன்பணம் பெற்று, அதற்கு ஈடாகப் பருவத்தின் கருப்பட்டியை ஒப்படைக்கும் முறை இப்பகுதியில் நீண்டகாலம் நிலவியது. அம்முறையில் சிக்கிய குடும்பம், தன் கையால் காய்ச்சிய கருப்பட்டியையே மழைக்காலத்தில் கூடுதல் விலைக்கு வாங்க நேர்ந்தது. ஆக, மார்கழியில் ஒரு வீட்டின் பரணில் கருப்பட்டி இருந்ததா என்பது அவ்வீட்டின் கடன்நிலையைக் காட்டும் அளவுகோலாகும். பண்டிகைப் பலகாரத்தைச் செழிப்பின் அடையாளமாக மட்டும் காண்போர் இதனைக் கவனிப்பதில்லை.

மழைக்காலம் செய்முறையையும் வரையறுத்தது. வடகம், வற்றல் போல வெயிலில் காய வேண்டியவை மார்கழிக்கு ஒவ்வா. அதிரசத்திற்கோ ஊறிய பச்சரிசியை நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் போகுமுன்பே இடித்துச் சலிக்க வேண்டும், வெயில் தேவையில்லை. முந்திரிக்கொத்திற்குச் சிறுபயற்றை வறுத்துத் திரிக்க வேண்டும். அதற்கும் அடுப்பே போதும். கிறிஸ்துமஸ் பலகாரங்களாக நிலைத்தவை மழைநாளில் வீட்டிற்குள்ளேயே செய்துமுடிக்கத் தக்கவை என்பது தற்செயலன்று.

வறட்சியையும் இங்கே சுட்ட வேண்டும். 1876-78 பஞ்சத்தையொட்டித் திருநெல்வேலிச் சபைகளில் பல்லாயிரவர் சேர்ந்தனர். அதனால் கஞ்சிக்காக மதம் மாறியோர் என்னும் ஏளனம் அவர்கள்மேல் படிந்தது. மிஷனரிகளுக்குள்ளேயே அரிசிக் கிறித்தவர் என்னும் இழிசொல் வழங்கியது. அதே மக்களின் வீடுகளில் பிடியரிசிக் காணிக்கை என்னும் வழக்கம் ஊன்றியதை இவ்வேளனத்தோடு ஒருசேர வைத்துக் காண வேண்டும். உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியைத் தனிக்கலத்தில் எடுத்து வைத்து, அதனைச் சபைக்குக் கொடுப்பது அவ்வழக்கம். காசு கையில் புழங்காத பெண்ணுக்குத் தன் பெயரில் கொடுப்பதற்கென்றிருந்த ஒரே பொருள் அந்தப் பிடியரிசி. அரிசி வாங்கியவர் என்று பேசப்பட்டோர் நாள்தோறும் அரிசி கொடுத்தோராகவும் இருந்தனர்.

முந்திரிக்கொத்து: சொல்லும் பண்டமும்

கன்னியாகுமரி, நெல்லைப் பகுதிகளில் கிறிஸ்துமஸுக்குத் தவறாது செய்யப்படும் முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு இடம்பெறுவதில்லை. வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த சிறுபயறு, வறுத்த தேங்காய்த்துருவல், எள், ஏலம், சுக்கு ஆகியவற்றைக் கருப்பட்டிப் பாகில் சேர்த்துச் சிறு உருண்டைகளாகப் பிடிப்பர். அவை இறுகிய பின், மஞ்சள்தூள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் இரண்டு மூன்றாகச் சேர்த்துத் தோய்த்து எண்ணெயில் இடுவர். வெந்து வரும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிய கொத்தாக இருக்கும்.

பெயர்க் காரணம் இவ்வடிவத்தில் உள்ளது எனக் கருத இடமுண்டு. முந்திரி, முந்திரிகை என்னும் சொற்கள் தமிழில் திராட்சையைக் குறித்து வழங்கியவை. கொடிமுந்திரி என்னும் வழக்கு இன்றும் அகராதிகளில் உள்ளது. (கீழ்வாய் இலக்கத்தில் 1/320 என்னும் பின்னத்திற்கும் முந்திரி என்றே பெயர், அது வேறு.) இன்று முந்திரி என நாம் சுட்டும் மரம் பிரேசிலைத் தாயகமாகக் கொண்டது; பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழி மேற்குக் கடற்கரைக்கு வந்தது. குமரி வட்டாரத்தில் அதன் கொட்டைக்குக் கொல்லாங்கொட்டை, அண்டி என வேறு பெயர்கள் நிலைத்தன. ஆகவே முந்திரிக்கொத்து என்பது திராட்சைக் கொத்து என்னும் பொருளுடையது. இப்பண்டத்தை இந்துக் குடும்பங்களும் தீபாவளி முதலியவற்றிற்குச் செய்கின்றன. எனவே பெயரில் விவிலியத் திராட்சையைத் தேடுவது மிகையாகும். எனினும், திராட்சை விளையாத தேரிக்காட்டில் ஒரு கிறித்தவ வீடு பயற்றையும் பனையின் இனிப்பையும் கொண்டு திராட்சைக் கொத்தின் உருவில் பண்டம் செய்து, திராட்சை ரசம் பரிமாறப்படும் திருவிருந்துக்குச் சென்று திரும்பியது என்பது எண்ணிப்பார்க்கத் தக்கது.

அச்சுமுறுக்கின் வரலாறு சற்று வேறானது. அரிசிமாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி சேர்ந்த நீர்த்த மாவில், காய்ந்த எண்ணெயில் சூடேற்றிய பூவடிவ இரும்பச்சைத் தோய்த்து எடுத்துப் பொரிப்பது இது. இலங்கையில் இதன் உறவுப் பண்டத்திற்குக் கொக்கிஸ் என்று பெயர். அச்சொல் சிறு கேக்கைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பர். தூத்துக்குடி 1658 முதல் 1825 வரை, இடையீடுகளுடன், டச்சுக்காரர் வசம் இருந்தது. ஆகவே இரும்பச்சு கடல்வழி வந்ததாதல் கூடும். ஆனால் மாவு அரிசியுடையது, பால் தென்னையுடையது. இலங்கையில் இன்று கொக்கிஸ் சித்திரைப் புத்தாண்டின் இன்றியமையாப் பலகாரம்; அங்கு அதனை எவரும் அயற்பண்டமென எண்ணுவதில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு ஈழத்தமிழில் வழங்கும் நத்தார் என்னும் பெயரும் போர்ச்சுக்கீசிய மூலமுடையதே. சொல் கடல் கடந்தது, அச்சும் கடல் கடந்தது. எண்ணெய்ச் சட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. தூத்துக்குடியின் மக்ரூனும் இவ்வாறே ஆயிற்று. ஐரோப்பாவில் பாதாமும் முட்டை வெண்கருவும் சீனியும் கொண்டு செய்யப்படுவதைத் தூத்துக்குடி முந்திரிப்பருப்பால் செய்தது.

இனி, தீபாவளிப் பலகாரமே பெயர் மாறிக் கிறிஸ்துமஸ் பலகாரமாயிற்று என்னும் கருத்து. புத்தாடை, எண்ணெய்ப் பலகாரம், விடியற்கால விழிப்பு ஆகியவை இரண்டிற்கும் பொதுவாயிருப்பது உண்மை. தீபாவளியில் பங்கேற்பதைச் சபைகள் தடுத்தபோது, அந்நாளுக்குரிய கைவேலை இரண்டு மாதம் தள்ளி மார்கழிக்கு வந்தது என்று கொள்ளலாம். ஆயினும் மார்கழிக்கு அதற்குரிய ஒழுங்கு ஏற்கெனவே இருந்தது. வைகறைப் பாடல், வாசற்கோலம், வீதியில் பாடிச் செல்லும் பஜனைக் குழு, அதற்கு வீட்டார் அளிக்கும் பொங்கலோ சுண்டலோ ஆகியவை அம்மாதத்தின் இயல்புகள். டிசம்பர் இரவுகளில் விளக்கேந்தி வீடு வீடாகப் பாடி வரும் கீதபவனியும், பாடிக் களைத்தவர்க்கு வீட்டார் தரும் சுக்குக்காப்பியும் அச்சுமுறுக்கும் அவ்வொழுங்கிற்குள் எளிதில் பொருந்தின. கிறிஸ்துமஸ் தீபாவளியின் பலகாரத்தையும் மார்கழியின் நேரத்தையும் எடுத்துக்கொண்டது என்பதே பொருத்தம்.

கத்தோலிக்க இல்லங்களில் நேரம் இன்னும் கூர்மையாக வகுக்கப்பட்டிருந்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி கிறிஸ்துமஸின் முந்தைய நாள் நோன்புக்கும் புலால் தவிர்ப்புக்கும் உரியது. ஒருசந்தி, சுத்தபோசனம் என இவை தமிழ்க் கத்தோலிக்கரிடம் வழங்கின. 1966இல் இவ்விதி தளர்த்தப்பட்டது. அதற்கு முன், ஆட்டுக்கறி மணம் எழுவது நள்ளிரவுப் பூசை முடிந்த பின்னரே. இருபத்துநான்காம் நாள் முழுவதும் பலகாரம் பொரித்த பெண்கள் அதில் பெரும்பகுதியைச் சுவைத்தும் பாராமல், நிறத்தையும் ஒலியையும் கொண்டே பதம் அறிந்தனர் என்பதை இவ்விதியிலிருந்து உய்த்துணரலாம்.

உலர் பலகாரமும் சமைத்த சோறும்

கிறிஸ்துமஸ் காலையில் ஆராதனை முடிந்ததும், துணி மூடிய தட்டுகள் அண்டை வீடுகளுக்குச் செல்வது தென் மாவட்ட ஊர்களில் நன்கறியப்பட்ட காட்சி. தீபாவளிக்கு வந்த தட்டிற்கு இது மறுதட்டு. இப்பரிமாற்றம் மத நல்லிணக்கத்தின் அடையாளமாகப் போற்றப்படுகிறது, அதில் தவறில்லை. ஆனால் தட்டில் என்ன சென்றது, என்ன செல்லவில்லை என்று காண வேண்டும். முறுக்கும் அதிரசமும் சென்றன. சோறும் கறியும் செல்லவில்லை. நீரில் வெந்த சோறு சமைத்தவரின் தீட்டைத் தாங்கும், எண்ணெயிலோ நெய்யிலோ பொரித்தது அவ்வாறு தாங்காது என்னும் கருத்து சாதியச் சமூகத்தின் உணவு விதிகளுள் ஆழமானது. புலால் உண்ணாத அண்டை வீட்டார்க்குப் பலகாரம் அனுப்புவதில் மரியாதை உண்டு. ஆனால் புலால் உண்ணும் வீட்டாரும் சோற்றை ஏற்காது பலகாரத்தை மட்டும் ஏற்றபோது அங்குத் தொழிற்பட்டது வேறொன்று.

இது மதங்களுக்கிடையே மட்டும் நின்றிருந்தால் இவ்வளவு கூற வேண்டியதில்லை. ஒரே ஆலயத்தில் மண்டியிட்டோருக்கு இடையிலும் அது நின்றது. தஞ்சை, தரங்கம்பாடிச் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமைகளைச் சபையிலிருந்து அகற்றுமாறு சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சையில் பெரும் பிளவு ஏற்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே வேதநாயகம் சாஸ்திரியார் புதிய மிஷனரிகளை எதிர்த்து எழுதியவற்றில், இருக்கை ஒழுங்கைக் குலைத்தல், விவிலிய மொழிபெயர்ப்பை மாற்றுதல், தமிழிசையைத் தடுத்தல் ஆகியவற்றோடு பண்டிகைகளில் மலர் சூட்டுவதைத் தடுத்ததும் ஒரு குற்றச்சாட்டாக இடம்பெற்றது. மலரையும் இசையையும் காக்க நின்றவர் சாதி இருக்கையையும் சேர்த்தே காக்க நின்றார் என்பது இவ்வரலாற்றின் சங்கடமான பகுதி. தமிழ்ப் பண்பாட்டைக் காத்தவர் என்று அவரைப் போற்றுவோர் இரண்டாவதைப் பேசாது விடுவதும், அவரைச் சாதியவாதி என்போர் முதலாவதைப் பேசாது விடுவதும் எளிய வழிகள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இச்சிக்கல் நேராக அடுப்படிக்கே வந்தது. 1847இல் அமெரிக்க மதுரை மிஷன், சாதியை விட்டதற்குச் சான்றாக உடனுண்ணலைக் கேட்டது. மறுத்த உபதேசியர் பலர் பணியிழந்தனர். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு சாதி பற்றி நிறைவேற்றிய குறிப்பும் எவர் சமைத்த உணவையும் உண்ண முன்வருதலைச் சோதனையாக முன்வைத்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் இதற்கு உடன்படவில்லை. சாதியைச் சமுதாய ஒழுங்காகக் கண்டு பொறுமையோடு அணுக வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. இவ்வாறு மிஷன்கள் தமக்குள் மாறுபட்டமையால், ஒரு சபையில் பணியிழந்தவர்க்கு மற்றொரு சபையில் புகலிடம் இருந்தது. இறைநம்பிக்கையின் ஆழத்தை ஒரு கவளம் சோற்றைக் கொண்டு அளக்க முயன்றதை மிகை என்று கூறுவோர் உளர். ஆனால் அச்சோதனையில் எத்தனைபேர் தோற்றனர் என்பதே அது தேவையற்றதன்று என்பதற்குச் சான்று.

கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளம் இதன் கட்டட வடிவம். அங்கு 1872இல் எழுந்த ஆலயம் சாதிக்கொரு பகுதியாக இரண்டாகப் பிரிந்து, பீடத்தில் மட்டும் இணைந்தது. நடுச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. தனியிட உரிமை கோரித் தொடுக்கப்பட்ட வழக்கை 1917இல் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. சுவர் இடிந்தது, ஆனால் சுவரின் இருபுறமும் இருந்தோர் கிறிஸ்துமஸ் சோற்றை ஒரே பந்தியில் உண்ணத் தொடங்கினர் என்று இதனால் ஆகிவிடாது. பலகாரத் தட்டு சுவரைத் தாண்டிச் செல்லக்கூடியது. அதனாலேயே சுவரைக் கேள்வி கேட்காமலும் இருக்கக்கூடியது.

இதற்கு எதிர்நிலையில் வைக்கத்தக்கது அசனம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளின் சீர்திருத்தச் சபைகளில் ஆலயப் பிரதிஷ்டை, அறுப்பின் பண்டிகை முதலிய நாள்களில் ஆலய வளாகத்திலேயே பெரிய வட்டைகளில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஆக்கி, ஊரார் அனைவருக்கும் பரிமாறும் பொதுவிருந்து இது. உண்ணுதலைக் குறிக்கும் வடசொல்லே விருந்தின் பெயராயிற்று. வெந்த சோற்றைப் பாயில் குவித்து, வரிசையாக அமர்ந்தோர்க்குப் பரிமாறும் அக்காட்சி, 1850இல் மாநாடு கேட்டதை அறிக்கையின்றி நிறைவேற்றுவது போலத் தோன்றும். தோற்றத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது. தென் மாவட்டங்களின் பழைய கிறித்தவக் குடியிருப்புகளுள் பல ஒரே சமூகத்தார் வாழ்ந்தவை. அத்தகைய ஊரின் அசனம் சாதியைச் சோதிப்பதேயில்லை. பல சமூகத்தார் சேர்ந்த நகர்ப்புறச் சபையிலோ, சேரியும் ஊரும் ஒரே ஆலயத்தைப் பகிரும் சிற்றூரிலோதான் வட்டையருகே நிற்பவர் யார் என்னும் வினாவிற்கு முழுப் பொருள் உண்டாகிறது. கிறிஸ்துமஸ் விருந்து ஆலய வளாகத்தில் அன்றி அவரவர் வீட்டில் நிகழ்வதாக நிலைத்தமையால், அவ்வினாவை ஆண்டின் மிகப் பெரிய பண்டிகை நாளில் எதிர்கொள்ளும் தேவை பல சபைகளுக்கு ஏற்படவில்லை.

கேக்

கேக் இம்மரபில் பிற்பட்ட வரவு. இதனை மேலை நாட்டின் தொன்மையான கிறிஸ்துமஸ் பண்டம் எனக் கொள்வதும் சரியன்று. இங்கிலாந்தில் தூய்மைவாதிகள் மேலோங்கிய நாடாளுமன்றம் 1647இல் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே ஒழித்தது. ஸ்காட்லாந்தில் அது பொது விடுமுறையானது 1958இல்தான். நாகர்கோவில் பகுதியில் பணியாற்றிய இலண்டன் மிஷனிலும் அத்தகைய சீர்திருத்த மரபினர் இருந்தனர். மேலும், ஆங்கிலேயரின் பழக் கேக் முதலில் சனவரி 6ஆம் நாளுக்குரிய பண்டமாக இருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கிறிஸ்துமஸுக்கு உரியதாயிற்று. அதாவது, இடையன்குடியில் முந்திரிக்கொத்து பொரிந்துகொண்டிருந்தபோது இலண்டனில் கிறிஸ்துமஸ் கேக் என்னும் மரபு அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. டிக்கன்ஸ் 1843இல் வெளியிட்ட புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கதையில் ஏழைக் குடும்பத்தின் வாத்து ரொட்டிக்கடை அடுப்பில் வேகிறது. புட்டிங் துணி வெளுக்கும் கொப்பரையில் வேகிறது. வீட்டில் வேகவைக்கும் அடுப்பின்மை தமிழ்நாட்டிற்கு மட்டும் உரிய குறையன்று.

தென்னிந்தியாவில் கிறிஸ்துமஸ் கேக்கின் தொடக்கமாகத் தலைச்சேரியில் மம்பள்ளி பாப்பு 1883இல் செய்த கேக் பொதுவாகச் சுட்டப்படுகிறது. தமிழகத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் மாவை வீட்டில் கலந்து, தகரத்தில் ஊற்றி, ரொட்டிக்கடை அடுப்பிற்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. பிற வீடுகளில் மணல் பரப்பிய சட்டியில் பாத்திரத்தை வைத்து, மூடிமேல் தணல் இட்டு மேலும் கீழும் சூடு தந்தனர். இம்முறையில் வேகும் நேரத்தைக் கணிப்பது கடினம். அடி கருகுவதும் நடு வேகாதிருப்பதும் இயல்பு. பாதாமுக்கு முந்திரிப்பருப்பும், பதப்படுத்திய பழத்தோலுக்குப் பூசணி மிட்டாயும் பப்பாளித் துண்டும், நிறத்திற்குக் கருக்கிய சீனியும் வந்தன. மது விலக்கை ஒழுக்கமாகக் கொண்ட தென் மாவட்டச் சீர்திருத்தக் குடும்பங்களில் ரம்மில் ஊறும் உலர்பழம் பழச்சாற்றில் ஊறியது. இலங்கையிலோ ரவையும் பூசணிப் பாகும் முந்திரிப்பருப்பும் நிறைந்த கனத்த கேக் நத்தாருக்குரியதாக வளர்ந்தது.

கேக்கின் சமூகப் பொருள் கடைக்கு அது சென்ற பின்னரே தெளிவாகிறது. வீட்டுப் பலகாரத்திற்குச் செய்தவர் கை உண்டு. ஏற்பவர் அக்கையை அறிவார். கடைக் கேக்கைப் பிசைந்த கை எது என்பதை எவரும் அறியார். பெட்டியில் வரும் கேக்கை எந்த வீட்டாரும் எந்த வீட்டிற்கும் கொடுக்கலாம். முட்டை உண்ணாதார்க்கு முட்டையில்லாததும் கிடைக்கும். இம்முகமின்மையைப் பலகார மரபின் சரிவு என வருந்துவோர், அம்முகத்தைப் பார்த்தே தட்டு மறுக்கப்பட்டோரின் பக்கம் நின்றும் அதனை எண்ண வேண்டும்.

மாவு இடித்த கைகள்

பலகார வேலை ஒருவரால் முடிவதன்று. அரிசி இடிக்க இருவர், சலிக்க ஒருவர், பாகு காய்ச்ச அனுபவமுள்ள மூத்தவர், உருண்டை பிடிக்கப் பலர், பொரிக்க ஒருவர் எனக் குறைந்தது ஒரு முற்றத்துப் பெண்கள் தேவை. இன்று ஒரு வீட்டில், நாளை அடுத்த வீட்டில் என முறை வைத்துச் செய்தனர். பாகின் பதம் பார்க்கும் அறிவு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஒரு துளியைத் தண்ணீரில் இட்டு விரலால் உருட்டினால் உருள வேண்டும். முற்றினால் உருண்டை கல்லாகும், இளகினால் எண்ணெயில் பிரியும். உரலின் இடத்தை மாவு ஆலையும், முற்றத்தின் இடத்தைச் சுவர் சூழ்ந்த வீடும், மகளிர் கூட்டத்தின் இடத்தை அலுவலக விடுப்பும் பிடித்தபின், இவ்வேலை கூலிக்குப் பலகாரம் போட்டுத் தருவோரிடம் சென்றது. அவர்களும் பெரும்பாலும் பெண்களே. முன்னர்க் கணக்கில் வராத உழைப்பு இப்போது படிக்கு இவ்வளவு என விலை பெறுகிறது. அதனை இழப்பென்று மட்டும் கூறவியலாது.

மூலப்பொருளும் மாறிவிட்டது. பனையேறுவோர் அருகிவிட்டனர், சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் பரவலாயிற்று. உடன்குடிக் கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது இச்சூழலில்தான். சீனி மிகுந்த கருப்பட்டியின் பாகு விரைவில் இறுகும் தன்மையுடையது. எனவே பழைய பதத்தில் இறக்கினால், பயற்றுப்பொடி முழுவதும் கலக்குமுன்பே அது உறைந்துவிடும். முந்திரிக்கொத்து செய்வோர் பாகைச் சற்று இளம்பதத்திலேயே இறக்கி, பொடியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கைபொறுக்கும் சூட்டிலேயே விரைந்து உருட்ட வேண்டியுள்ளது.